காசிம் வண்டியை ஓட்டியவன்

பஸ் ஓட்டுகிறவனுக்கு என்னென்ன வியாதி வரும் என்று புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளான உங்களைக் கேட்டால் முதுகுவலி என்பீர்கள், மூலம் என்பீர்கள். இன்ஜின் சூட்டில் உட்கார்ந்தே பிழைத்தால் இரண்டும் வரத்தான் செய்யும். எனக்கு அவை வருவதற்கு முன்பே இன்னொன்று வந்துவிட்டது. பொறாமை. அதுவும் எதிர்க் கம்பெனிக்காரன் மேல் இல்லை. என் வண்டியிலேயே, தோளில் தோல் பையை மாட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் நின்ற என் சொந்தக் கண்டக்டர் மேல்.

மழையில் எப்படி பிரேக் பிடிப்பது, இறக்கத்தில் எந்த கியர் போடுவது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பு வைத்துச் சொல்லித் தருகிறார்கள். கூட வேலை செய்கிறவனைப் பார்த்து வயிறு எரிந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை. அந்தப் பாடத்தை நடத்தத் தகுதியான ஆள் நான்தான். அதில் எனக்கு அனுபவம் ஜாஸ்தி.

அறுபதுகளில் எங்கள் பக்கம் ஓடியவை எல்லாம் தனியார் வண்டிகள். நான் ஓட்டியது கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், புவனகிரி வழியாகச் சிதம்பரம் போகிற வண்டி. நான் தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் பிறந்தவன். அப்பா கட்டுமரம் தள்ளினார். எனக்குப் படகில் ஏறினால் வாந்தி வரும், ஸ்டீரிங்கைப் பிடித்தால் வராது. அதனால் டிரைவர் ஆனேன். என் கண்டக்டர் காசிம் லால்பேட்டைக்காரன். வேலைக்கு வந்த முதல் நாளே என்னை "மச்சான்" என்று கூப்பிட்டான். பழகின பிறகு கூப்பிடலாம் என்ற எண்ணமே அவனுக்குக் கிடையாது. பார்த்த உடனே எல்லோரும் அவனுக்கு உறவு.

வண்டியின் நெற்றியில் முதலாளியின் கம்பெனிப் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. டிரைவர் இடத்தில் உட்கார்ந்து, வியர்வை வழிய, இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை இழுத்து இழுத்து ஓட்டியவன் நான். என்னையும் யாரும் பார்க்கவில்லை. கடலூர் முதல் சிதம்பரம் வரை அந்த வண்டிக்கு ஒரே பெயர்தான். காசிம் வண்டி. "காசிம் வண்டி போய்டுச்சா?", "காசிம் வண்டியில வந்தேன்", "காசிம் வண்டி வரட்டும், இது வேணாம்." எங்களுக்கு முன்னால் வருகிற வண்டியைக் கை காட்டாமல் விட்டுவிட்டு மரத்தடியில் நிற்பார்கள். நான் நிறுத்தியதும் முன் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்காமல் பின் பக்கம் ஓடுவார்கள். வண்டி தானாக உருண்டு வந்தது என்றே நினைத்திருப்பார்களோ என்னவோ.

காரணம் இல்லாமல் இல்லை. மீன் கூடையை எந்த வண்டியிலும் ஏற்ற மாட்டார்கள். நாற்றம் என்று மற்ற பயணிகள் சண்டைக்கு வருவார்கள். காசிம் கடைசி வரிசைக்குக் கீழே பச்சைத் தென்னங்கீற்றைப் பரப்பி வைப்பான். கூடைகளை அதன்மேல் வரிசையாக வைத்து இன்னொரு கீற்றால் மூடுவான். தண்ணீர் சொட்டாது, நாற்றமும் அவ்வளவாக முன்னால் வராது. மூக்கைப் பிடிக்கிறவர்களை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து ஏதாவது ஊர்க்கதை சொல்வான். ஆலப்பாக்கம் வருவதற்குள் அவர்களே மீன் விலை கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தக் கூடைக்காரிகளில் ஒருத்தி செல்லம்மா. என் சொந்த அத்தை, அப்பாவின் தங்கை. நான் டிரைவர் இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே, "டேய் ரத்தினம், காசிம் எங்கடா?" என்பாள்.

"ஏன், நான் கண்ணுக்குத் தெரியலியா?"

"உன்னைக் கேட்டு இன்னா ஆவப் போவுது? கூடையத் தூக்க அது வேணுமில்ல?"

வீட்டில் இன்னும் மோசம். காலையில் என் மனைவி இரண்டு தூக்கு கொடுப்பாள். சின்னது எனக்கு. பெரியது, "காசிம் அண்ணனுக்கு. அது பொண்டாட்டிய ஊருல வுட்டுட்டு ரூம்புல தனியாக் கெடக்குது, வாய்க்கு ருசியா யாரு ஆக்கிப் போடுவாங்க?" வஞ்சிர மீனின் நடுத்துண்டு எந்தத் தூக்கில் இருக்கும் என்று நான் திறந்து பார்க்க வேண்டியதே இல்லை. நான் கட்டிக்கொண்டவளுக்கு அவன் அண்ணன், எனக்கு மச்சான். சொந்தம் எல்லாம் சரியாகத்தான் பொருந்தியது. எனக்குத்தான் எரிந்தது.

தம்பிகளே, டிரைவருக்கு முன்னால் ஒரு கண்ணாடி இருக்கிறதே, உள்ளே பார்க்கிற கண்ணாடி, அது ஆபத்தான சாமான். அதில் நான் ரோட்டுக்குத் தேவையானதைப் பார்க்கவில்லை. யார் சிரிக்கிறார்கள், காசிம் அவர்களிடம் என்ன சொன்னான் என்றுதான் பார்த்தேன். ஒரு நாள் புதுச்சத்திரத்துக்கு முன்னால் பின்பக்கம் பெரிய சிரிப்பு. என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறான் என்று தோன்றியது. கண்ணாடியைப் பார்த்தேன். திரும்பி ரோட்டைப் பார்த்தபோது வைக்கோல் வண்டி ஒன்று என் மூக்குக்கு முன்னால் நின்றது. எப்படியோ ஒடித்துத் தப்பினோம். மாட்டுக்காரன் திட்டியதைவிட, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, எல்லாரும் உக்காருங்க" என்று காசிம் அவர்களைச் சமாதானப்படுத்தியதும், உடனே அவர்கள் உட்கார்ந்ததும்தான் எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியைக் காப்பாற்றியது என் கை, வந்த நிம்மதி அவன் வாயால்.

இந்த நிலையில்தான் புது வண்டிப் பேச்சு வந்தது. முதலாளி ஒரு புது வண்டியை வெறும் சேசிஸாக வாங்கி, மேலே கூடு கட்டக் கொடுத்திருந்தார். அது எங்கள் தடத்துக்குத்தான் என்று தெரியும். யார் ஓட்டுவது என்பதுதான் தெரியாது. பண்ருட்டித் தடத்தில் ஒரு டிரைவர் இருந்தார், பலாப்பழ லாரிகளோடு போட்டி போட்டு முந்துகிறவர். முதலாளிக்கு அவர் வேகத்தின் மேல் ஒரு ஆசை. ஒன்று அவர், இல்லை நான். எனக்கு அந்த வண்டி வேண்டியிருந்தது. பழைய வண்டியின் ஸ்டீரிங்கைத் திருப்பித் திருப்பி என் வலது தோள் சோறு பிசையக்கூட வலித்தது. தோள் பாதிக் காரணம்தான். புது வண்டி வந்தால் ஜனங்கள் முன்பக்கம் பார்ப்பார்கள். பார்க்கும்போது அங்கே நான் இருக்க வேண்டும். அவ்வளவு ஆசை எனக்கு.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு நாள். காலையில் கடலூரை விட்டு வண்டி நிறைய ஆளோடு கிளம்பினோம். ஆலப்பாக்கம் தாண்டி ஒரு தரைப்பாலம் உண்டு. ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் அதன் மேல் ஓடிக்கொண்டிருந்தது. ரோடு எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே செம்மண் நிறம். நான் வண்டியை நிறுத்தினேன்.

பின்னால் இரண்டு விசில். எங்கள் தொழிலில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் எடு. கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்த பிறகு டிரைவர் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. நான் உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் இரண்டு விசில். பிறகு காசிமே முன்பக்கம் வந்தான்.

"மச்சான், ஏன் எடுக்கமாட்டேங்கிற? பரீச்சைக்குப் போற புள்ளைங்க நாலு பேரு கீறாங்க. அத்தை மீனு கெட்டுப் போவும்."

"ஓரம் தெரியல."

"நடுவுல வுடு."

"நடு எதுன்னு தெரிஞ்சா வுட மாட்டனா?"

அந்த நேரம் பார்த்து எங்களுக்குப் பின்னால் எதிர்க் கம்பெனி வண்டி வந்தது. டிரைவர் எட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். அப்படியே விட்டான். நடுவில் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. என் வண்டியில் இருந்த பெண்கள் "ஐயோ" என்று கத்தினார்கள். சாய்ந்தது நிமிர்ந்தது. அக்கரைக்குப் போய் ஹாரனை நாலு தரம் அடித்துவிட்டுப் போய்விட்டான்.

இதை நன்றாகக் கவனியுங்கள். அந்த வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது. கவிழ்ந்திருந்தால் நான் அன்றைக்குப் புத்திசாலி. போய்ச் சேர்ந்ததால் நான் கோழை. நான் எடுத்த முடிவு ஒன்றுதான், இரண்டுக்கும் நடுவில் அது மாறவில்லை. நம் தொழிலில் நடக்காமல் போன விபத்துக்குச் சாட்சி சொல்ல யாரும் வர மாட்டார்கள். இதற்கு மனசைப் பழக்கிக்கொள்ளாதவன் பெரிய வண்டி ஓட்டக் கூடாது.

வண்டிக்குள் கூச்சல் கிளம்பியது. "பயந்தாங்கொள்ளி டிரைவர்" என்று ஒரு குரல். "இவன் செம்படவன் புள்ளையா, தண்ணியப் பாத்துப் பயப்படுறான்" என்று இன்னொரு குரல். என் அத்தையே முகத்தைத் திருப்பிக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கினேன். ஒரு குச்சியை ஒடித்துத் தண்ணீர் தொடுகிற இடத்தில் நட்டேன். தண்ணீர் ஏறினால் எந்த ராஜா சொன்னாலும் வண்டி எடுப்பதில்லை. இறங்கினால் பார்க்கலாம். குச்சிக்குப் பக்கத்திலேயே தூறலில் குந்தினேன்.

அப்போது வண்டிக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், தண்ணீரைப் பார்த்து எனக்கு வராத நடுக்கம் அந்தச் சிரிப்பைக் கேட்டு வந்தது. எட்டிப் பார்த்தேன். காசிம் இன்ஜின் மூடி மேல் உட்கார்ந்து ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். யாரோ வேர்க்கடலை கொடுத்திருந்தார்கள், பரீச்சைப் பையன்கள் உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். நான் இங்கே மழையில் நனைந்து அத்தனை பேர் உயிருக்கும் காவல் கிடக்கிறேன், அவன் அங்கே கச்சேரி நடத்துகிறான். அவன் மட்டும் அப்படி நடத்தியிருக்காவிட்டால் அந்தக் கூட்டம் என்னை அடித்து வண்டியை எடுக்க வைத்திருக்கும். இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்ததெல்லாம் நான் நனைகிறேன், அவன் நனையவில்லை என்பதுதான்.

தூறல் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக என் குச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஈர மண் தெரிந்தது. ஒரு சாண் இறங்கியதும் எழுந்துபோய்ச் சொன்னேன்.

"பாலத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு நட்டிருக்கான். தண்ணிக்குள்ள இருக்குது. யாராவது எறங்கி, காலால தடவிப் பாத்துக்கினு முன்னால நடக்கணும். நான் பின்னாலயே வருவேன்."

யோசனை என்னுடையது. இதையும் கவனியுங்கள். ஆனால் யோசனைக்குக் கால் கிடையாது. காசிம் தோல் பையைக் கழற்றி என் அத்தை மடியில் வைத்தான். கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு இறங்கினான். ஆட்களை இறக்கிவிடச் சொன்னார் ஒருவர். நான் வேண்டாம் என்றேன். ஆள் இறங்கினால் வண்டி லேசாகிவிடும், லேசான வண்டியைத் தண்ணீர் தள்ளும்.

முதல் கியரில் எடுத்தேன். காசிம் முட்டளவு தண்ணீரில் போனான், பிறகு தொடையளவு. இடது காலை நீட்டிக் கல்லைத் தொடுவான், கையைத் தூக்குவான், நான் ஒரு முழம் வருவேன். பாதிப் பாலம் வந்தபோது கை தூக்கியவன் அப்படியே காணாமல் போனான்.

கல் ஒன்று பெயர்ந்து அந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. அவன் தலை மட்டும் தெரிந்தது, அதுவும் பம்பருக்கு மிகவும் பக்கத்தில். உள்ளே எல்லோரும் "நிறுத்து, நிறுத்து" என்று அலறினார்கள். நிறுத்தினால் புகைக்குழாயில் தண்ணீர் ஏறி இன்ஜின் அணைந்துவிடும். அணைந்தால் நடு வெள்ளத்தில் வண்டி நிறைய ஆளோடு நிற்க வேண்டும். நிறுத்தாவிட்டால் காசிம் என் சக்கரத்துக்கு அடியில். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் கிளச்சை மட்டும் மிதித்தேன். இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது, வண்டி நகரவில்லை. தண்ணீர் பக்கவாட்டில் இடித்தது. பின்சக்கரம் ஒரு விரற்கடை நழுவியது என் முதுகுக்குத் தெரிந்தது. அந்தச் சில நொடியில் என் மனசில் பொறாமை இல்லை, புது வண்டி இல்லை. இவன் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்ற ஒரே பயம்தான் இருந்தது. இப்படி ஒரு பயம் எனக்குள் இருந்தது அதுவரை எனக்கே தெரியாது.

அடுத்த கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினான். "வா மச்சான், வா!" என்று கை காட்டினான். நான் வலப்பக்கம் ஒரு பிடி ஒடித்து அந்தப் பள்ளத்தைத் தாண்டினேன்.

அக்கரை ஏறியதும் வண்டியே காலியானது. எல்லோரும் இறங்கி ஓடி அவனைத் தூக்கினார்கள். என் அத்தை முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள். "நீ இல்லன்னா இன்னிக்கி எங்க கதி இன்னாடாப்பா" என்று அழுதாள். நான் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பீடி ஒன்றை எடுத்துப் பற்றவைத்தேன். ஒருவரும் என் பக்கம் வரவில்லை. அப்போதே பழைய எரிச்சல் திரும்ப வந்துவிட்டது. உயிர்ப் பயம் போகிற வேகத்தைவிட அது வருகிற வேகம் அதிகம்.

புகார் போயிற்று. எதிர்க் கம்பெனி வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, நம் வண்டி மதியம் போனது. முதலாளி எங்கள் இருவரையும் கடலூர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அவன் போயிருக்கான். நீ ஏன் போவல?"

ஓரம் தெரியல என்று சொன்னால் இன்னும் கோழையாகத் தெரியும் என்று நினைத்தேன். முதலாளி காசிமைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ விசில் குடுத்தியா, இல்லியா?"

புது வண்டி அந்தப் பதிலில் தொங்கியது. இல்லை என்று ஒரு பொய் சொன்னால் நான் தப்பிப்பேன்.

"குடுத்தேன் முதலாளி. ரெண்டு வாட்டி குடுத்தேன். எடுக்கல" என்றான் காசிம்.

முடிந்தது என்று நினைத்தேன். பாவி, இவ்வளவு நாள் என் வீட்டு மீனைத் தின்றவன்.

"ஜனங்க கத்துனாங்க, எதிர் வண்டி போச்சி, நானும் விசில் குடுத்தேன். அப்பவும் எடுக்கல. எம் பேச்சக் கேட்டு எடுத்திருந்தா இன்னிக்கி நாங்க யாரும் இங்க நின்னு பதில் சொல்ல மாட்டோம். எனக்கு ஜனங்களச் சிரிக்க வைக்கத் தெரியும் முதலாளி, தண்ணியப் பாக்கத் தெரியாது. விசில் குடுத்தும் எடுக்காத ஆளு கையிலதான் புது வண்டிய நம்பிக் குடுக்கலாம்."

முதலாளி மேசையை ஒரு தட்டு தட்டினார். பிறகு, "சரி, ரெண்டு பேரும் புது வண்டிக்குப் போங்க" என்றார்.

"நான் வரல முதலாளி. உங்களுக்குத்தான் தெரியுமே. பினாங்குல மாமனாரு கடைக்கு வரச் சொல்லிட்டாரு. பொங்கலுக்குள்ள கப்பல்."

முதலாளிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் குதித்தேன். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே, "அண்ணன் போன வாரமே சொல்லிச்சே. உங்ககிட்ட சொல்ல வாய் வரலன்னுச்சி" என்றாள். எல்லோரிடமும் வாய் வந்தவனுக்கு என்னிடம் மட்டும் வரவில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன். யார் மேல் என்று தெரியாமலே பட்டேன்.

புது வண்டியை நான் ஓட்டினேன். நல்ல வண்டி, ஸ்டீரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. ஜனங்கள் முன்பக்கம் பார்த்தார்கள், "இன்னா ரத்தினம், புது மாப்ள மாரி கீற" என்றார்கள். கேட்டதெல்லாம் கிடைத்தது. அது அவன் வாயால் கிடைத்தது என்பது மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. எனக்கு வந்த புதுக் கண்டக்டர் ஒழுங்கானவர். சரியாக விசில் கொடுப்பார், மீன் கூடை ஏற்ற மாட்டார்.

அடுத்த வருஷம் கடலூரில் ஒரு லால்பேட்டைப் பையன் ஏறினான். காசிமின் மனைவியின் தம்பி. என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, மச்சான் ஒங்கள ரொம்ப விசாரிச்சி எழுதியிருந்தாரு."

"கடையெல்லாம் நல்லா நடக்குதா?"

"கடையில எங்கண்ணே உக்காந்தாரு? எங்க வாப்பாகிட்ட சண்டை போட்டுக்கினு அங்கயும் பஸ்ஸுலதான் கண்டக்டரா சேந்துட்டாரு."

எப்படி இருக்கிறான், உடம்பு சௌக்கியமா, பிள்ளை பிறந்ததா என்று நான் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

"டிரைவர் யாரு?" என்றுதான் கேட்டேன்.

"ஒரு மலாய்க்காரராம். ரொம்ப நல்லா ஓட்டறாருன்னு எழுதியிருக்காரு."

ஆலப்பாக்கம் வரும் வரை தேவையில்லாமல் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தேன். பையன் என்ன தப்பாகச் சொன்னோம் என்று முழித்துக்கொண்டிருந்தான். தரைப்பாலம் காய்ந்து கிடந்தது. அதன்மேல் வண்டி ஏறும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"அந்த மலாய்க்காரன் தண்ணியில ஓட்டியிருக்கானா?" என்று கேட்டேன்.